தாத்தா ஏன் வழுக்கிக்கொண்டு போகிறார்?

போன ஆண்டு இறுதி விடுமுறையில் அக்கா மகனுக்காகச் சின்னதாக ஒரு கேம் செய்ய ஆரம்பித்தேன். சண்டை, துப்பாக்கி எதுவும் கிடையாது. சிங்கப்பூர்த் தேக்கா மாதிரி ஒரு தெரு, ஒரு கோப்பிக்கடை, ஒரு சாலைச் சந்திப்பு, அங்கே தானாக நடமாடும் பத்துப் பன்னிரண்டு பேர். அவர்களில் ஒரு தாத்தா. அடுக்குமாடி புளோக்கிலிருந்து இறங்கி, சாலையைக் கடந்து, கடையில் பேப்பர் வாங்கிக்கொண்டு வீடு திரும்ப வேண்டும், அவ்வளவுதான் அவர் வேலை. அவரை நடக்க வைக்கும் கட்டளைகளை, அதாவது ஸ்கிரிப்டை, எழுத அரை மணிநேரம்கூட ஆகவில்லை. ஓட விட்டுப் பெருமையாகக் காட்டினேன். பையன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மாமா, தாத்தா ஏர்போர்ட் டிராவலேட்டர்ல நடக்குறாரா?" என்று கேட்டான்.

டிராவலேட்டர் என்றால் ஆளைச் சுமந்துகொண்டு தானாக நகரும் நடைபாதை. அவன் சொன்னது அச்சு அசலாகச் சரி. கால் ஒரு பக்கம் நடக்கிறது, உடம்பு இன்னொரு பக்கம் மிதந்து போகிறது. இதைச் சரி செய்ய இறங்கி இரண்டு மாதம் ஓடிவிட்டது. அதில் கற்றதை, இப்போதுதான் கேம் ஸ்கிரிப்ட் எழுதப் பழகுபவர்களுக்காக எழுதுகிறேன். கேம் செய்யும் மென்பொருள்களில் நீங்கள் யூனிட்டியில் எழுதினாலும் கோடோவில் எழுதினாலும் விஷயம் ஒன்றுதான் என்பதால் சூத்திரங்களைத் தமிழ்ச் சொற்களிலேயே தருகிறேன், உங்கள் மொழிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

என்னுடைய அந்த அரை மணிநேர ஸ்கிரிப்ட், எல்லாரும் முதல் நாள் எழுதுவதுதான். கேம் நொடிக்கு 60 முறை திரையைப் புதிதாக வரைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வரைவுக்கும் ஃபிரேம் என்று பெயர். ஒவ்வொரு ஃபிரேமிலும் தாத்தாவை இலக்கை நோக்கிக் கொஞ்சம் நகர்த்த வேண்டும்:

இடம் = இடம் + திசை × வேகம் × ஃபிரேம் நேரம்

இலக்கு வந்ததும் நிற்க வேண்டும். ஃபிரேம் நேரத்தால் பெருக்குவது எதற்கென்றால், பழைய லேப்டாப்பில் ஓடினாலும் புது மெஷினில் ஓடினாலும் தாத்தா ஒரே வேகத்தில் போகத்தான். வேகத்தை நொடிக்கு 1.4 மீட்டர் என்று வைத்தேன், பெரியவர்கள் சாதாரணமாக நடக்கிற வேகம் ஏறக்குறைய அதுதான். கணக்கில் ஒரு தப்பும் இல்லை.

டிராவலேட்டர் விவகாரத்தை முதலில் முடித்துவிடலாம், அது சுலபம். கேரக்டரின் நடை அனிமேஷனை வரைந்தவர், இடது கால் ஒன்று வலது கால் ஒன்று என ஒரு சுற்று முடியும்போது உடம்பு இத்தனை தூரம் போயிருக்கும் என்று மனதில் ஒரு கணக்கு வைத்துத்தான் வரைந்திருப்பார். அது 1.4 மீட்டர் என்றால், அதே நேரத்தில் உங்கள் ஸ்கிரிப்ட் 2 மீட்டர் இழுத்துக்கொண்டு போனால், தரையில் ஊன்றிய கால் வழுக்காமல் என்ன செய்யும்? அதனால் அனிமேஷன் ஓடும் வேகத்தை ஸ்கிரிப்டின் வேகத்தோடு கட்டிவிட வேண்டும்: இப்போதைய வேகத்தை அனிமேஷன் வரையப்பட்ட வேகத்தால் வகுத்து, வரும் எண்ணை அனிமேஷனுக்குக் கொடுங்கள். ஆனால் இதையும் ரொம்ப இழுக்கக் கூடாது. வயதானவர் மெதுவாக நடக்கிறார் என்றால் இளைஞனின் நடையை ஸ்லோ மோஷனில் ஓட்டுவது இல்லை, அவர் எட்டு வைப்பதே குட்டையாக இருக்கும். மெதுநடைக்குத் தனி அனிமேஷன் ஒன்று வைத்து இரண்டையும் கலப்பதுதான் வழி.

கால் வழுக்கல் போனது. ஆனாலும் தாத்தா ரோபோவாகவே இருந்தார். எதனால் என்று பிடிக்கத்தான் எனக்கு நாளானது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சும்மா நிற்கிற தாத்தா அடுத்த ஃபிரேமிலேயே 1.4 மீட்டர் வேகத்தில் போகிறார். ஒரு ஃபிரேம் என்பது 0.0167 நொடி. அப்படியென்றால் முடுக்கம் நொடிக்கு நொடி 84 மீட்டர். புவியீர்ப்பு 9.8 தான், அதாவது அதைப் போல எட்டரை மடங்கு! பேப்பர் வாங்கப் போகிற மனிதர் பீரங்கியிலிருந்து புறப்படுவது போலப் புறப்படுகிறார், கடை வந்ததும் சுவரில் முட்டியது போல நிற்கிறார். நம் கண்ணுக்கு எண் தெரியாது, ஆனால் பிறந்ததிலிருந்து மனிதர்கள் நடப்பதைப் பார்த்தே பழகிய கண் அது, ஏதோ சரியில்லை என்று உடனே சொல்லிவிடும். நிஜத்தில் நாம் முழு வேகத்துக்கு வரவே ஓரிரு எட்டு ஆகும்.

எனவே வேகத்தை நேரடியாகத் தராதீர்கள். "விரும்பும் வேகம்" என்று ஒன்று, "இப்போதைய வேகம்" என்று ஒன்று, ஆக இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஃபிரேமிலும் இரண்டாவது முதலாவதைத் துரத்த வேண்டும், ஆனால் ஒரு அளவுக்கு மேல் தாவ முடியாது:

இப்போதைய வேகம் = விரும்பும் வேகத்தின் பக்கம் நகர்த்து (அதிகபட்சம்: முடுக்கம் × ஃபிரேம் நேரம்)

முடுக்கத்துக்கு 2 அல்லது 3 கொடுத்துப் பாருங்கள். இந்த ஒரு வரிதான் உடம்புக்கு எடை தருகிறது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொள்வேன் என்று யாராவது அடம்பிடித்தால், இதை எடுத்துக்கொள்ளச் சொல்வேன்.

நிற்பதற்கும் இதே பாடுதான், அங்கே கூடுதலாக ஒன்று வேண்டும்: எங்கே பிரேக் போடத் தொடங்குவது என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். பள்ளி இயற்பியல் ஞாபகம் இருந்தால், நிற்கத் தேவையான தூரம் வேகத்தின் வர்க்கத்தை, வேகம் குறையும் அளவின் இரு மடங்கால் வகுத்தால் வரும். 1.4 வேகத்தில் வந்து 1.5 என்ற அளவில் குறைத்தால் சுமார் 65 சென்டிமீட்டர். இதைவிட எளிய வழி ஒன்று இருக்கிறது. பறவைக் கூட்டம் பறப்பதை 1987இல் மூன்றே விதிகளில் கணினியில் செய்து காட்டிய கிரெய்க் ரெனால்ட்ஸ், 1999இல் தானாக இயங்கும் கேரக்டர்களுக்கான நடமாட்ட விதிகளைத் தொகுத்துக் கொடுத்தார், அதில் "வந்து சேர்தல்" என்று ஒன்று உண்டு. இலக்கைச் சுற்றி ஒரு வட்டம், வட்டத்துக்குள் நுழைந்த பிறகு விரும்பும் வேகம் மிச்சத் தூரத்துக்கு ஏற்பக் குறையும். இதில் கடைசி சில சென்டிமீட்டரில் ஆமை வேகமாகி, வந்து சேரவே மாட்டேன் என்று கேரக்டர் ஊர்ந்துகொண்டிருக்கும். 5 சென்டிமீட்டருக்குள் வந்துவிட்டால் வந்தாயிற்று என்று முடித்துவிடுங்கள்.

இங்கே லெர்ப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் எந்த வீடியோவைப் பார்த்தாலும் இதைத்தான் சொல்லித் தருகிறார்கள்: ஒவ்வொரு ஃபிரேமிலும் மிச்சத் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு போ. பார்க்க வழவழவென்று இருக்கும். இரண்டு கோளாறு உண்டு. ஒன்று, நிற்பது மட்டும்தான் மெதுவாக நடக்கும், புறப்பாடு பழையபடி பீரங்கிதான், அதுவும் தூரம் அதிகமானால் பாய்ச்சலும் அதிகம். இரண்டாவது, இது கணினியின் வேகத்தைப் பொறுத்து மாறும். நொடிக்கு 60 ஃபிரேம் ஓடினால் ஒரு நொடி முடிவில் மிச்சம் 0.2 விழுக்காட்டுக்கும் குறைவு. 30 ஃபிரேம்தான் ஓடுகிறது என்றால் 4 விழுக்காடு மிச்சம். என் மெஷினில் ஒழுங்காக நின்ற தாத்தா, அக்கா வீட்டுப் பழைய டேப்லெட்டில் தள்ளாடித் தள்ளாடிப் போனதற்கு இதுதான் காரணம். கேமராவுக்கு லெர்ப் பரவாயில்லை, அதுவும் பங்கை ஃபிரேம் நேரத்தை வைத்துக் கணக்கிட்டால். ஆள் நடக்க அது வேண்டாம்.

கை நீட்டிக் கோப்பிக் குவளையை எடுப்பது, கதவைத் திறப்பது போன்றவை வேறு ரகம். இவற்றுக்குத் தொடக்கமும் முடிவும் முன்பே தெரியும். தமார் ஃபிளாஷ், நெவில் ஹோகன் என்ற இருவர் 1985இல் மனிதக் கை ஒரு பொருளை நோக்கிப் போவதை ஆராய்ந்து ஒரு சூத்திரம் கொடுத்தார்கள். கை முடிந்தவரை குலுங்காமல் போகப் பார்க்கிறது, அதனால் வேகத்தை வரைந்தால் மணியைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும், நடுவில் உச்சம், இரு முனையிலும் பூஜ்யம். மொத்த நேரத்தில் எவ்வளவு பங்கு கழிந்தது என்பதை "ந" என்று வைத்தால் (0 முதல் 1 வரை), கழிந்த தூரத்தின் பங்கு இப்படி வரும்:

10ந³ − 15ந⁴ + 6ந⁵

கிராஃபிக்ஸ் படித்தவர்களுக்கு இது எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கும். கென் பெர்லின் 2002இல் தன்னுடைய பழைய நாய்ஸ் முறையை (மெல்ல மெல்ல ஏறி இறங்கும் தற்செயல் எண்களைத் தருவது) திருத்தியபோது பயன்படுத்தியதும் இதே சூத்திரம்தான். அவர் மேகத்தையும் மார்பிளையும் வரைய, இவர்கள் கையை ஆராய, இரு தரப்பும் ஒரே இடத்தில் வந்து முட்டியிருக்கிறார்கள். எனக்கு இதில் ஒரு அற்ப சந்தோஷம். ஆனால் ஆசைப்பட்டு இதை நடைக்குப் போட்டுவிடாதீர்கள். வழியில் பத்துப் புள்ளி இருந்தால் பத்திலும் வேகம் குறைந்து கூடி, எல்லா ஸ்டாப்பிலும் நின்று போகிற பஸ் மாதிரி ஆகிவிடும்.

சரி, திருப்பங்களுக்கு வருவோம். கேரக்டருக்கு வழி கண்டுபிடித்துத் தர அனேகமாக எல்லாரும் ஏ ஸ்டார் என்ற முறையைப் பயன்படுத்துகிறார்கள். 1968இல் பீட்டர் ஹார்ட், நில்ஸ் நில்சன், பெர்ட்ரம் ராஃபேல் மூவரும் வெளியிட்டது, ஷேக்கி என்ற ரோபோவுக்கு வழி கண்டுபிடிக்கப் போய்ப் பிறந்தது. ஆக, ரோபோவுக்காகச் செய்ததை மனிதனுக்குப் போட்டால் ரோபோ மாதிரி நடக்கிறது என்று புலம்புவதில் நியாயமில்லை! தெருவைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் கடக்க ஒரு விலை வைத்தால், மொத்த விலை குறைந்த வழியை அது தரும்; எல்லாக் கட்டத்துக்கும் ஒரே விலை என்றால் அது மிகக் குறுகிய வழி. குறுகிய வழி என்றால் சுவரை உரசிக்கொண்டு, மூலையை ஒட்டி, கட்டம் கட்டமாக 45 பாகை திரும்பித் திரும்பிப் போவது. மனிதர்கள் அப்படியா போகிறார்கள்? ஐந்தடி நடைபாதையில் தூண்களை ஒட்டி யாரும் தோளை உரசிக்கொண்டு நடப்பதில்லை.

சுவருக்குப் பக்கத்துக் கட்டங்களுக்கு விலையைக் கூட்டி வையுங்கள், ஏ ஸ்டாரே கொஞ்சம் விலகிப் போகும். அடுத்து, கேரக்டரை அடுத்த புள்ளியை நோக்கி நடக்க விடாமல், வழியில் ஒன்றரை மீட்டர் முன்னால் இருக்கிற ஒரு இடத்தை நோக்கி நடக்க விடுங்கள். மாட்டுக்கு முன்னால் வைக்கோல் கட்டித் தொங்கவிடுவது மாதிரி, அந்த இடம் முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும், கூர்மையான மூலை தானாகவே வளைவாகிவிடும். அப்புறம் நொடிக்கு இத்தனை பாகைக்கு மேல் திரும்ப முடியாது என்று ஒரு வரம்பு, திருப்பம் பெரிதாக இருந்தால் வேகம் குறைய ஒரு விதி. வரம்பு மட்டும் போட்டு வேகத்தைக் குறைக்காவிட்டால் இலக்கையே சுற்றிச் சுற்றி வட்டமடிக்கும், எனக்கு ஒரு அக்கா கேரக்டர் கோப்பிக்கடை மேசையை இப்படி ஆறு சுற்றுச் சுற்றியிருக்கிறார், ஏதோ வேண்டுதல் போல.

திருப்பத்தில் பலரும் கவனிக்காத ஒன்று தலை. நடக்கும்போது நாம் திரும்புவதற்கு முன் கண்ணும் தலையும் முதலில் திரும்பும், பிறகுதான் உடம்பு. தலையை மட்டும் அந்த முன்னால் நகரும் இடத்தைவிட இன்னும் ஒரு மீட்டர் தள்ளிப் பார்க்க வைத்தேன். ஐந்து நிமிட வேலை. தாத்தாவுக்கு எங்கே போகிறோம் என்பது தெரிந்திருக்கிறது என்ற உணர்வு அந்த இடத்தில்தான் முதன்முதலாக வந்தது.

இனி ரேண்டம், அதாவது தற்செயல் எண்கள். தொடக்கத்தில் நான் செய்த பெரிய தப்பு இதுதான். இயல்பாக இல்லை என்றதும் எண்களில் ரேண்டமைத் தூவினேன், சமையல் சரியில்லை என்றதும் உப்பை அள்ளிப் போடுவது போல. ஒவ்வொரு ஃபிரேமிலும் திசையை ரேண்டமாகக் கொஞ்சம் மாற்றினால் என்ன ஆகும்? நொடிக்கு 60 முறை நடுங்கும். பத்துக் குவளை கோப்பி ஓ குடித்தவர் மாதிரி. மனிதர்கள் நேர்க்கோட்டில் நடப்பதில்லை என்பது உண்மைதான், ஆனால் இப்போது இடப்பக்கம் சாய்ந்தால் அடுத்த கணமும் கொஞ்சம் இடப்பக்கம்தான் இருப்பார்கள். முந்தைய நிலையோடு தொடர்புள்ள ஏற்ற இறக்கம் வேண்டும், அதற்குத்தான் பெர்லின் நாய்ஸ். அதை மெதுவாக ஓட விட்டு, திசையில் மூன்று நான்கு பாகை மட்டும் ஆட விடுங்கள்.

இன்னொன்று, ரேண்டமை எங்கே போடுவது என்பது. ஆள் உருவாகும்போதே ஒருமுறை போட்டு அப்படியே வைத்துவிடுவது நல்லது. இவர் நடை வேகம் இவ்வளவு, இவர் ஒன்றைக் கவனித்து அசைய ஆகும் தாமதம் இவ்வளவு, அதுதான் அவர் குணம். அதற்கும் ஒரே சீரான ரேண்டம் வேண்டாம், மூன்று பகடையை உருட்டிக் கூட்டுவது மாதிரி செய்யுங்கள்: மொத்தம் 216 வாய்ப்புகளில் 10 வருவதற்கு 27, 3 வருவதற்கு ஒன்றே ஒன்று. பெரும்பாலோர் நடுவில், அபூர்வமாக ஒருவர் ஓரத்தில். தாமதம் என்றேனே, அதை மறந்துவிடாதீர்கள். கண்ணில் பட்டதற்குக் கை அசையவே நமக்குக் கால் நொடி அளவு ஆகிறது. பச்சை விளக்கு எரிந்த அதே ஃபிரேமில் பன்னிரண்டு பேரும் ஒன்றாகக் காலை எடுத்து வைத்தால் அது சாலை இல்லை, தேசிய தின அணிவகுப்பு.

நடுவில் எந்த எண்ணை வைப்பது என்று குழம்பியபோது நம் ஊரே உதவியது. ரிச்சர்ட் வைஸ்மன் என்ற உளவியல் பேராசிரியர் 32 நகரங்களில் மக்கள் 60 அடி நடக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து 2007இல் வெளியிட்டார். முதலிடம் சிங்கப்பூர், 10.55 நொடி. கணக்குப் பார்த்தால் நொடிக்கு 1.73 மீட்டர்! ராஃபிள்ஸ் பிளேசில் மதிய நேரத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. எனவே என் தெருவில் ஆபீஸ் போகிறவர்களுக்கு 1.7, காய்கறி வாங்க வந்தவர்களுக்கு 1.2, தாத்தாவுக்கு 0.9. இரண்டு பேர் சேர்ந்து நடந்தால் மெதுவாக நடப்பவரின் வேகம்தான் இருவருக்கும்.

இதெல்லாம் செய்தும் மிச்சமிருந்த குறையை எண்களால் தீர்க்க முடியவில்லை. நின்றால் ஏன் நிற்கிறார், திரும்பினால் ஏன் திரும்புகிறார் என்று பார்ப்பவருக்குப் புரிய வேண்டும். 1980இல் வந்த பேக்-மேன் கேமில் நான்கு பேய்கள் உண்டு, அவற்றின் நடை ரொம்ப எளிமையானது. சிவப்பு, நேராக நம்மையே குறி வைக்கும். இளஞ்சிவப்பு, நமக்கு நான்கு கட்டம் முன்னால் குறி வைக்கும், அதனால் மறித்துப் பிடிக்க வருவதாகத் தோன்றும். ஆரஞ்சு, எட்டுக் கட்டத்துக்குள் நெருங்கியதும் பின்வாங்கித் தன் மூலைக்கு ஓடும். துரத்தும்போது இவற்றில் ரேண்டம் எதுவும் இல்லை. ஆனாலும் ஒன்று கோபக்காரன், ஒன்று தந்திரக்காரன், ஒன்று பயந்தாங்கொள்ளி என்று நாமே குணம் கற்பித்துக்கொள்கிறோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நோக்கம் இருப்பதுதான் காரணம்.

முன்பு என் தாத்தா வழியில் ரேண்டமாக இரண்டு மூன்று நொடி நின்று போவார். கேம் தொங்கிவிட்டதோ என்றுதான் தோன்றும். இப்போது அவர் நிற்பது சாலை விளக்குக் கம்பத்தருகில். இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும், கிரீன் மேன் பிளஸ் என்று ஒன்று உண்டு, மூத்தோர் தங்கள் சலுகை அட்டையைத் தட்டினால் பச்சை மனிதன் கூடுதலாக 3 முதல் 13 நொடி வரை எரியும். தாத்தா கம்பத்தைப் பார்க்கிறார், அந்தப் பக்கம் விலகி நடக்கிறார், அட்டையைத் தட்டுகிறார், விளக்கைப் பார்த்தபடி காத்திருக்கிறார். நிற்கும் நேரம் முன்பைவிட அதிகம்தான். யாரும் கேம் தொங்கிவிட்டது என்று சொல்வதில்லை.

எதிரே ஆள் வந்தால் விலகுவது தனிக் கட்டுரைக்கான விஷயம், ஒன்று மட்டும் சொல்கிறேன். இருவரும் ஒவ்வொரு ஃபிரேமிலும் எந்தப் பக்கம் ஒதுங்கலாம் என்று புதிதாக யோசித்தால், இவர் வலம் போக அவரும் அதே பக்கம் வர, இவர் இடம் வர அவரும் கூடவே வர, நடனமாகிவிடும். ஒருமுறை முடிவெடுத்தால் அரை நொடிக்காவது மாற்றக் கூடாது என்று ஒரு விதி போட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அப்படியும் எப்போதாவது முட்டிக்கொண்டால் விட்டுவிடுங்கள், தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் முட்டிக்கொண்டு "சாரி, சாரி" என்றுதான் போகிறோம்.

செய்ததெல்லாம் வேலை செய்கிறதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை இது. கேரக்டரின் படத்தை மறைத்துவிட்டு, பத்தில் ஒரு நொடிக்கு ஒரு புள்ளி என்று அது போகும் வழியில் விட்டுக்கொண்டே போகச் செய்யுங்கள், பிறகு மேலிருந்து பாருங்கள். பழைய ஸ்கிரிப்டில் புள்ளிகள் அளவுகோல் வைத்துக் குத்தியது போல ஒரே இடைவெளியில், மூலைகளில் ஒடிந்து கிடந்தன. இப்போது வீட்டு வாசலில் நெருக்கமாகத் தொடங்கி, நடுவில் விரிந்து, திருப்பங்களில் மறுபடி நெருங்குகின்றன. சாலையோரம் கம்பத்தருகே புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக் கிடக்கின்றன, தாத்தா அட்டையைத் தட்டிவிட்டுப் பச்சைக்குக் காத்திருந்த இடம்.